எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில் எக்ஸ்ரேக்கு இரண்டு வேலைகள். வாகன உதிரிபாக ஆலைகளில் வார்ப்புக்குள் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. வேலைக்குச் சேருகிறவரின் நெஞ்சைப் பார்ப்பது இன்னொன்று. உலோகத்தின் மேல் எவ்வளவு கதிர் பட்டாலும் கவலையில்லை. உடம்புக்கு அப்படியல்ல, நோயைக் கண்டறியத் தேவையான அளவுக்கு மேல் படும் கதிர் வீண். அந்த அளவைக் குறைப்பது பற்றி உலவும் நம்பிக்கைகளில் பல பாதி உண்மை, சில முழுத் தவறு.

நம்பிக்கை: எக்ஸ்ரே எடுத்தால் கதிர் உடம்பில் தங்கிவிடும்.

உண்மை: ஸ்விட்சை அணைத்ததும் எக்ஸ்ரே நின்றுவிடும். உடம்பிலோ அறையிலோ எதுவும் மிஞ்சாது. ஊசி வழியே கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன்களில் மட்டும் கதிர் சிறிது நேரம் உடம்பில் இருக்கும். அதற்கு அதிகம் பயன்படும் டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். உடம்பு பெறும் கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள்; நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றின் அளவு சுமார் 0.02 மில்லிசீவர்ட். மண், காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து ஒருவர் இயல்பாகப் பெறும் கதிர், உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். நெஞ்சு எக்ஸ்ரே என்பது சுமார் மூன்று நாள் இயற்கைக் கதிருக்குச் சமம். மோனசைட் என்ற கதிரியக்கத் தாது மணலில் நிறைந்த, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அந்த இயற்கைக் கதிரே கூடுதல்.

நம்பிக்கை: ஒரு சி.டி. ஸ்கேன் 300 எக்ஸ்ரேக்குச் சமம்.

உண்மை: 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா ஒரு நெஞ்சு சி.டி. 300 முதல் 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்றார். இந்தியக் கதிரியல் மருத்துவர் சங்கம் அதை மறுத்து, நவீனக் கருவியில் அது 5 முதல் 10 எக்ஸ்ரே அளவுதான் என்றது. இரண்டு கணக்குகளுக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கக் காரணம் உண்டு. வழக்கமான முறையில் எடுக்கும் நெஞ்சு சி.டி. 5 முதல் 7 மில்லிசீவர்ட் வரை போகும்; குறைந்த கதிர் முறையில் அதே நெஞ்சை 1.5 மில்லிசீவர்ட்டிலோ அதற்கும் கீழோ எடுக்கலாம். கருவி எது என்பதோடு, அதை எந்த அளவில் வைத்து இயக்குகிறார்கள் என்பதும் கதிரைத் தீர்மானிக்கிறது.

நம்பிக்கை: டிஜிட்டல் கருவி என்றாலே கதிர் குறைவு.

உண்மை: பழைய ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போகும், தவறு உடனே தெரிந்துவிடும். டிஜிட்டல் கருவி அதைத் தானே சரிசெய்து அழகான படமாகக் காட்டும். கூடுதல் கதிர் படத்தைத் தெளிவாக்குவதால் யாரும் குறை சொல்வதில்லை. அளவு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். கதிர்க் கற்றையைத் தேவையான இடத்துக்கு மட்டும் சுருக்குவது, சி.டி.யில் தேவையற்ற சுற்றுகளைத் தவிர்ப்பது, குழந்தைக்குக் குழந்தைக்கான அளவை வைப்பது ஆகியவையே கதிரைக் குறைக்கும். கருவிக்கும் விதிகள் உண்டு. ஒரகடத்தில் சிப்காட் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கு 350 ஏக்கர் ஒதுக்கப்பட்டுள்ளது. அங்கே எக்ஸ்ரே கருவி தயாரானாலும், அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வகை ஒப்புதல் வேண்டும். பயன்பாட்டுக்கு வந்தபின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது தரச் சோதனை நடக்க வேண்டும்.

நம்பிக்கை: நோயாளிக்கு இத்தனை எக்ஸ்ரேதான் என்று சட்டத்தில் வரம்பு உண்டு.

உண்மை: கதிர்க் கருவியோடு வேலை செய்யும் ஊழியருக்கு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று வாரியம் வரம்பு விதித்திருக்கிறது, எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். நோயாளிக்கு வரம்பு இல்லை. உயிர் காக்கும் பரிசோதனையை வரம்பு காட்டி மறுக்க முடியாது. வரம்புக்குப் பதிலாக இரண்டு விதிகள்: பரிசோதனைக்கு மருத்துவக் காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணத்துக்குப் போதுமான அளவே கதிர் இருக்க வேண்டும்.

நம்பிக்கை: இடுப்பில் ஈயத் தகடு வைத்தால் பாதுகாப்பு.

உண்மை: உள்ளுறுப்புகளை எட்டும் சிதறல் கதிரில் பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே உண்டாகிறது, மேலே வைத்த தகடு அதைத் தடுக்காது. தகடு படத்தில் குறுக்கிட்டால் மறுபடி எடுக்க நேரும். கதிரைத் தானாகச் சீராக்கும் கருவியோ அளவைக் கூட்டிவிடும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இல் இந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. அறைக்குள் உடன் நிற்கும் உறவினருக்கும் ஊழியருக்கும் ஈய ஏப்ரன் தேவை என்பதில் மாற்றமில்லை.

நம்பிக்கை: கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே எடுக்கவே கூடாது.

உண்மை: நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவை எட்டும் கதிர் 0.01 மில்லிகிரேக்கும் (திசு உறிஞ்சும் கதிரின் அலகு) குறைவு. கருவில் ஊனம் ஏற்படும் அபாயம் 100 மில்லிகிரே அளவில்தான் பேசப்படுகிறது. வயிறு, இடுப்பு சி.டி. மட்டும் யோசித்துச் செய்ய வேண்டியது. பல வேளைகளில் கதிரே இல்லாத அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதும். இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கும் இந்தத் தொழிற்பகுதியில், மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் படம் எடுக்குமுன் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுவதே முதல் பாதுகாப்பு.

நம்பிக்கை: செக்-அப்பில் எல்லாப் படமும் எடுத்துவிடுவது நல்லது.

உண்மை: மணல் தூசியில் வேலை செய்பவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே தேவை, தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் அதில் தெரியும். முதுகுவலியே இல்லாத இளைஞருக்கு வேலைக்குச் சேருமுன் எடுக்கும் முதுகெலும்பு எக்ஸ்ரே, பின்னால் வலி வருமா என்பதைச் சொல்வதில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயைப் போலப் பல மடங்கு கதிரைத் தருகிறது. கம்பெனி மாறும்போதும் ஆஸ்பத்திரி மாறும்போதும் பழைய படத்தையும் ஸ்கேன் பதிவான வட்டையும் கையோடு கொண்டுபோனால் பல பரிசோதனைகள் மிச்சமாகும். தேவையில்லாத படத்தை எடுக்காமல் விடுவதைவிடக் கதிரைக் குறைக்கும் சிறந்த வழி வேறில்லை; தேவையான படத்தைப் பயந்து தவிர்ப்பதில் லாபமும் இல்லை.