சாயம் போன துணிக்கு நகைமடல் எழுதும் முறை

கைத்தறித் துணி சாயம் விட்டால் வணிகர்க்கு எங்ஙனம் எழுதுவது? வைதெழுதின் அம்மடல் குப்பைக் கூடையைச் சேரும். அன்றேல் நெய்தவன் கூலியில் கைவைக்கும். ஆதலின் நகை எழுதுவோன்மேலேயே விழுதல் வேண்டும் என்போம் யாம்.

"ஐயா, தங்கள் கைலியோடு ஒரே வாளியில் ஊறிய எம் வெள்ளைச் சட்டை யோசேப்பின் பலவருண அங்கியாயிற்று. தமையன்மார் இன்னும் எம்மைக் குழியில் தள்ளவில்லை. 'தனியே அலசுக' என்றொரு சீட்டுத் தைத்தனுப்பின் பிறர் பிழைப்பர்." இம்மடலில் குறையும் உண்டு, தீர்வும் உண்டு, வசை இல்லை.

1958இல் அமெரிக்காவிற்குச் சென்ற மதராஸ் கட்டத்துணிக்கும் இச்சீட்டே இல்லாது போயிற்று. குளிர்நீரில் மெல்லத் துவைக்கவேண்டிய துணியை, அறியாது துவைத்தோர் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் முறையிட்டனர். துணியை விற்ற கேப்டன் கிருஷ்ணன் நாயர் மீது வழக்கும் வரும் போலிருந்தது. பின்னரோ, சாயம் கசிவதே இதன் அருமையென விளம்பரம் செய்ய, அத்துணிக்கே கிராக்கி ஏறிற்று! வணிகரே எழுதிய நகைமடல் அது.

சாத்தாங்காட்டிற்கு அணித்தான காலடிப்பேட்டை, ஆளுநர் ஜோசப் காலட் (1717–1720) காலத்தில் நெசவாளரைக் குடியேற்றி உண்டான ஊர். மடல் முடிந்ததும், அத்தகையதோர் தெருவில் தறியின்முன் நின்று அதனை உரக்கப் படிப்பதாக எண்ணிப் பார்க்க. நா கூசும் வரியை அடித்துவிட்டு, அஞ்சலில் சேர்க்க.