எந்த இடத்துக்கு எந்த மரம்?

2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டை முற்றாக இழந்த குடும்பங்களுக்கு அரசாங்கத்தின் வீடமைப்பு உதவியாக 250,000 ரூபாய் நான்கு கட்டங்களாக வழங்கப்பட்டது. அத்திவாரம், சுவர் என்று பணம் போய், கதவு, யன்னல், கூரை என்று வரும்போது கை சுருங்கிவிடும். அந்த நேரத்தில் சிலர் எல்லாவற்றுக்கும் தேக்கு வேண்டும் என்று கடன்படுகிறார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் மலிவான மரத்தை வாங்கி, சில வருடங்களில் கறையானுக்குக் கொடுக்கிறார்கள். இரண்டையும் தவிர்க்க இந்தப் பாடம் உதவும். தொழில் பழகும் இளம் ஓடாவிமாருக்கும் இது பயன்படும்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

நிலை சுவரோடு சேர்த்துக் கட்டப்படுகிறது. அது உக்கினால் சுவரை உடைத்துத்தான் மாற்ற வேண்டும். கதவையோ பிணைச்சலைக் கழற்றி ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஆகவே நல்ல மரத்துக்கான பணத்தை முதலில் நிலைகளுக்கு ஒதுக்குங்கள். அடுத்தது கூரையின் வளையும் கைமரங்களும். கதவு, யன்னல் பலகைகள் அதற்குப் பிறகு. கட்டிலும் அலுமாரியும் கடைசி.

வைரத்தைப் பாருங்கள்

மரத்தின் நடுவில் நிறம் கூடிய பகுதி வைரம். ஓரத்தில் வெளிறிய பகுதி வெளிறு. கறையானைத் தாங்குவது வைரம் மட்டுமே. நல்ல சாதி மரத்திலும் வெளிறு நிலைக்காது. இளம் தேக்கில் வெளிறு அதிகம். தேக்கு என்ற பெயருக்காக அதை வாங்குவதைவிட, முற்றிய வேம்பின் வைரத்தை வாங்குவது இலாபம்.

மரங்களும் அவற்றின் குணமும்

பாலை: தண்ணீரில் போட்டால் தாழும் அளவுக்குப் பாரமானது. தூண், வளை, தீராந்தி ஆகியவற்றுக்குச் சிறந்தது. அரிவதும் சீவுவதும் கடினம். காயும்போது வெடிக்கக் கூடும். அதனால் மெல்லிய பலகைக்கு ஏற்றதல்ல.

முதிரை: மஞ்சள் நிறமும் பட்டுப் போன்ற மினுக்கமும் உடையது. நிலைக்கு உறுதியானது. ஆணி அடிக்கும் முன் துளையிட வேண்டும். இதன் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் மூச்சில் எரிச்சலையும் உண்டாக்கும். அரியும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

தேக்கு: இயற்கையான எண்ணெய்த் தன்மை உள்ளது. காய்ந்த பின் அதிகம் சுருங்காது, முறுகாது. இந்தக் குணம் அதிகம் தேவைப்படுவது கதவுக்கும் யன்னலுக்கும்தான்.

வேம்பு: எங்கள் வளவுகளில் கிடைப்பது. கசப்பு இருப்பதால் பூச்சி எளிதில் அண்டாது. நிலைக்கும் அலுமாரிக்கும் நல்லது. நார் குறுக்கும் மறுக்குமாக ஓடுவதால் சீவுளியை நன்றாகத் தீட்டி, மெல்லியதாகச் சீவ வேண்டும்.

பலா: புதிதில் மஞ்சள், நாள் போகப் பழுப்பு. சீவ இலகுவானது. இதன் வைரமும் கறையானைத் தாங்கும்.

மருது: மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் பெயர் கொடுத்த மரம். பாரமானது, உறுதியானது. ஆனால் ஆற்றங்கரையின் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது இதன் வேர்தான். கரையில் நிற்கும் மருதை வெட்ட வேண்டாம்.

தென்னை, பனை: மற்ற மரங்களுக்கு மாறாக, இவற்றில் வெளிப்பகுதிதான் உறுதி, நடு மென்மையானது. முற்றிய மரத்தின் அடிப்பகுதியில் இருந்து வெளிப்புறமாக அரிந்த துண்டுகளைக் கைமரத்துக்கும் சலாகைக்கும் பயன்படுத்தலாம். மண்ணில் படும் இடத்துக்குத் தென்னை வேண்டாம்.

மா: கொங்கிரீட்டுக்குப் பலகை அடிக்கவும் பெட்டி செய்யவும் போதும். நிலைக்கு உதவாது.

காய வையுங்கள்

ஈர மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும். நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. அதனால்தான் மாரியில் ஈரப் பலகையால் செய்த கதவு, கச்சான் காற்று வீசும் காலத்தில் இடைவெளி விடுகிறது. பலகைகளை நிலத்தில் இருந்து உயர்த்தி, நிழலில், இடையிடையே ஒரே தடிப்பான சலாகை வைத்து அடுக்குங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒரு சிறு பலகையில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது.

கடல் நீர் பட்ட பழைய மரம்

உடைந்த வீட்டில் எடுத்த நிலையையும் வளையையும் விறகாக்கிவிடாதீர்கள். நீண்ட காலம் காய்ந்த வைரம் இன்று விலை கொடுத்தாலும் எளிதில் கிடைக்காது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், இரும்பு ஆணியைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே நல்ல தண்ணீரால் பல தடவை கழுவி, நிழலில் காய வையுங்கள். வாள் வைக்கும் முன் பழைய ஆணிகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மீண்டும் பூட்டும்போது நாகம் பூசிய ஆணி அல்லது பித்தளைத் திருகாணி பாவியுங்கள்.

சட்டம்

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவை உங்கள் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றி வெட்டக் கூடாது. 1951ஆம் ஆண்டு முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது. வெட்டும் முன் கிராம சேவகரிடம் விசாரியுங்கள். காட்டு மரத்தை அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றிச் சென்றால் மரத்தோடு வாகனமும் பறிபோகலாம். “காட்டில் இருந்து மலிவாகக் கொண்டுவந்து தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால், முற்பணம் கொடுக்க முன் பத்திரத்தைக் கேளுங்கள்.

மரக்காலையில் கேட்க வேண்டியவை

1. இதில் வைரம் எவ்வளவு, வெளிறு எவ்வளவு? வெட்டுமுகத்தைக் காட்டுங்கள்.
2. மரம் அரிந்து எத்தனை மாதம்?
3. பற்றுச்சீட்டும் அனுமதிப்பத்திரப் பிரதியும் தருவீர்களா?

முடியுமானால் உங்கள் ஓடாவியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பற்றுச்சீட்டை வீட்டுக் கோவையில் பத்திரமாக வைத்திருங்கள்.