கல்லிலிருந்து நூல்: இழைகள் பாடத்தில் நான்காவது கட்டம்

அவிநாசிபாளையம் பகுதியில் இழைகள் பாடத்தைத் தொடங்குவது எளிது. பெற்றோரில் பலர் பனியன் கம்பெனிக்குச் செல்பவர்கள். பருத்தி, பாலியஸ்டர், லைக்ரா என்று மாணவர்களே பட்டியல் தருவார்கள். தாவர இழை, விலங்கு இழை, செயற்கை இழை என்று கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து நிரப்பியபின், நான்காவது கட்டத்துக்குக் ‘கல்’ என்று தலைப்பிடுவேன். “கல்லுல எப்படி டீச்சர் நூல் வரும்?” என்ற கேள்வி உடனே வரும். அந்தக் கேள்விதான் இந்தப் பாடம்.

கட்டத்தை நிரப்புதல்

மணல், சுண்ணாம்புக்கல் முதலியவற்றை உருக்கிக் கண்ணாடி இழை எடுக்கிறார்கள். எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பசால்ட் பாறையை 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கி, நுண்துளைகள் வழியே இழுத்தால் பசால்ட் இழை. இரும்புத் தாதுவிலிருந்து வரும் எஃகையும் நூலாக இழுக்கலாம். உருக்காமலே பாறையில் இழையாகக் கிடைப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். கல், நார் என்று பெயரிலேயே விளக்கம் இருக்கிறது.

செயல்பாடு: ஈர்க்கு சொல்லும் அறிவியல்

பின்னலாடை என்பது கண்ணி கண்ணியாக வளைந்த நூல். வளைத்தால் உடையும் கண்ணாடி எப்படிக் கண்ணியாகும்?

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு காய்ந்த தென்னை ஈர்க்கு கொடுக்கிறேன். அடிப்பகுதியைப் பென்சிலைச் சுற்றி வளைத்தால் முறிகிறது. நுனி வளைந்து கொடுக்கிறது. (முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டாம்.) பொருள் ஒன்றே; தடிமன்தான் வேறு.

உயர்நிலை வகுப்பில் இதைக் கணக்காக்கலாம். வளைவின் வெளிப்புறம் அடையும் நீட்சி = தடிமன் ÷ (2 × வளைவின் ஆரம்). ஆரம் 1 மி.மீ. என்று கொண்டால், 1 மி.மீ. கண்ணாடிக் கம்பி 50 சதவீதம் நீள வேண்டும், உடைந்துவிடும். 10 மைக்ரோமீட்டர் இழைக்கு அரை சதவீதம் போதும், தாங்கிக்கொள்ளும்.

இத்தகைய கண்ணாடி இழையையோ எஃகு இழையையோ உள்ளே வைத்து, மேலே நைலான் சுற்றிய நூலில் வெட்டுத் தாங்கும் கையுறைகள் பின்னப்படுகின்றன. கட்டிங் பிரிவில் கத்தி மெஷின் ஓட்டுபவர் அணிய வேண்டிய எஃகு வளையக் கையுறையை மாணவர்களிடம் நினைவூட்டலாம். அது நூலால் பின்னியதல்ல. கண்ணிக்குப் பதிலாக வளையங்கள் கோத்தது. இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

கல்நாரைத் தொடாமல் கற்பித்தல்

நெருப்பைத் தாங்குவதால் கல்நாரை நூற்றுத் தீத்தடுப்புத் துணியும் கையுறையும் செய்தார்கள். ஆனால் அந்த இழை நீளவாக்கில் பிளந்து மேலும் மேலும் நுண்ணியதாகும். எந்த நுண்மை கல்லை நூலாக்குகிறதோ, அதே நுண்மை அதை நுரையீரலின் ஆழத்துக்குக் கொண்டு செல்கிறது. கல்நார் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிசெய்யப்பட்டது. நோய் வெளிப்பட 20, 30 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அதனால்தான் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைப் பணியில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப்பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க 1995இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆகவே, இழைகளின் மாதிரி கொண்டுவரச் சொல்லும்போது கூரையின் உடைந்த சிமெண்ட் அட்டைத் துண்டைக் கொண்டுவரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதை உடைப்பதும் அறுப்பதும் துளையிடுவதும் கூடாது. கண்ணாடி இழையையும் வெறுங்கையால் தொடவிட வேண்டாம், படம் போதும்.

நம் ஆய்வகத்திலும் ஒரு வேலை உண்டு. முக்காலியின் மேல் வைக்கும் பழைய கம்பி வலைகளில் நடுவிலுள்ள வெள்ளை வட்டம் கல்நாராக இருக்கலாம். உதிரும் வலைகளைச் சுரண்டாமல், துடைக்காமல், ஈரப்படுத்தி உறையிலிட்டு மூடி, தலைமையாசிரியரிடம் தெரிவியுங்கள். பீங்கான் பூச்சுள்ள வலைகளைக் கேட்டுப் பெறுங்கள்.

மதிப்பீடு

1. கண்ணாடிக் கம்பி உடைகிறது, கண்ணாடி இழை வளைகிறது. ஏன்?
2. கல்நார் நெருப்பைத் தாங்கும். ஆனாலும் அதில் கையுறை செய்வது ஏன் தவறு?

இரண்டுக்கும் ‘நுண்மை’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு விடை எழுதும் மாணவர் பாடத்தைப் புரிந்துகொண்டார் என்று கொள்ளலாம்.