மிளகாயோடு காய்ந்த பேட்டரி

போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புக்கிட் ரோத்தான் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் முறத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே, நான் வாங்கிக் கொடுத்த டார்ச் லைட்டின் பேட்டரிக்கட்டை. நண்பகல் வெயில். எடுத்தால் கை சுடுகிறது.

"வெளிச்சம் மங்கிப் போச்சுய்யா, அதான் கொஞ்சம் காய வெச்சேன்" என்றார் அம்மா.

அவர் மேல் தப்பில்லை. ரப்பர் தோட்டத்தில் இருபத்தைந்து வருஷம் பால் வெட்டியவர். விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். இங்கே மலேசியாவில் விடிவதற்கு ஏழு மணி ஆகிவிடும். அதனால் இருட்டிலேயே மர நிரைக்குப் போகவேண்டும். பாட்டி காலத்தில் நெற்றியில் கார்பைட் லாம்பு. கல்லில் தண்ணீர் சொட்டினால் வாயு வரும், அது எரியும். அம்மா காலத்தில் பேட்டரி. பெரிய கட்டை தீரும்போது வெயிலில் வைப்பார்கள். சூட்டில் உள்ளே ரசாயன வேலை கொஞ்சம் வேகம் பிடிக்கும், இன்னும் ஒரு காலைக்கு ஒப்பேறும். துத்தநாக-கார்பன் கட்டைக்கு அது சரியான வைத்தியம்தான். முறத்தில் கிடந்ததோ லித்தியம் அயான். அதை வெயிலில் போட்டால் ஆயுள் குறையும். ஏற்கெனவே அடிபட்ட கட்டையாக இருந்தால் தீயும் பிடிக்கலாம்.

தப்பு என்னுடையது. பேட்டரியை யோசிக்காமல் விளக்கை வாங்கினேன்.

புதிதாக எல்.இ.டி. டார்ச் வாங்குகிற எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம். அட்டையில் எத்தனை லூமன் என்று பார்ப்போம். உள்ளே என்ன கட்டை என்று வீட்டுக்கு வந்து பார்ப்போம். நான் இப்போது முதலில் கேட்கும் கேள்வி வேறு: ராத்திரி எட்டு மணிக்குக் கட்டை தீர்ந்தால் மாற்றுக் கட்டை எங்கே கிடைக்கும்? அம்மா வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் பென்சில் கட்டை, அதாவது டபுள்-ஏ, எந்நேரமும் தொங்கும். 18650 என்று கேட்டால் கடைக்காரர் லாட்டரி நம்பரா என்பார்.

அந்த எண்ணில் ரகசியம் ஒன்றுமில்லை. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவத்துக்கு. 21700 என்றால் 21, 70. 14500 என்றால் 14, 50. இந்தக் கடைசி ஆள்தான் ஆபத்தானவன். அளவில் அச்சு அசல் பென்சில் கட்டை. ஆனால் பென்சில் கட்டை ஒன்றரை வோல்ட், இவன் 3.7, முழுதாய்ச் சார்ஜ் ஏறினால் 4.2. என் அக்காள் மகன் ஒருநாள் சரியாகப் பொருந்துகிறதே என்று சாதாரண டார்ச்சில் போட்டுவிட்டான். ஒரு நொடி அப்படி ஒரு வெளிச்சம். அதோடு சரி, அந்த டார்ச் பிறகு எரியவேயில்லை. விளக்கின் கையேட்டில் 14500 போடலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

இன்னொரு ஏமாற்று, கட்டையின் மேல் அச்சடித்த எண். இரவுச் சந்தையில் எட்டு வெள்ளிக்கு ஒரு 18650 வாங்கினேன். 9900 எம்.ஏ.எச். கொள்ளளவு என்று போட்டிருந்தது. எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும் அந்த அளவுக் கட்டையில் 3500-ஐ ஒட்டித்தான் பரவலாகக் கிடைக்கிறது. சந்தேகம் வந்து மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். உண்மையான கட்டை 45 கிராமை ஒட்டி இருக்கும். என்னுடையது முப்பதைத் தொடவில்லை. இப்படிப்பட்டவற்றின் உள்ளே சின்னக் கட்டை ஒன்றை வைத்து மீதியை மாவோ மணலோ போட்டு நிரப்பியிருப்பதும் உண்டு. பாதுகாப்புக்கு உத்தரவாதம் கிடையாது. அன்றிலிருந்து லித்தியம் கட்டையை நான் சந்தையில் வாங்குவதில்லை.

எம்.ஏ.எச். எண்ணை வைத்து இரண்டு வகைக் கட்டைகளை ஒப்பிடுவதும் தப்பு. வோல்ட்டால் பெருக்கிப் பார்க்கவேண்டும். 3000 எம்.ஏ.எச். உள்ள 18650, 3.6 வோல்ட்டில் கிட்டத்தட்ட 10.8 வாட் மணி. 2000 எம்.ஏ.எச். உள்ள சார்ஜ் பென்சில் கட்டை, 1.2 வோல்ட்டில் 2.4. அதாவது ஒரு லித்தியம் கட்டைக்கு நாலரைப் பென்சில் கட்டை சமம். மோட்டார் சைக்கிளில் செம்பனைக் காட்டுக்குள் போகிற என் மைத்துனருக்கு அந்தச் சக்தி வேண்டும். கூலி ஆட்களைப் பெரட்டுக்கு வரவழைத்து வேலை பிரித்துவிட வேண்டும், அதுவும் விடியுமுன்னே. மரவரிசைக்குள் பாம்பு கிடக்கும், காட்டுப்பன்றி குறுக்கே ஓடும். அவருக்குப் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள 18650 இரண்டு வாங்கிக் கொடுத்தேன்.

அதிலும் ஒரு பாடம். அந்தச் சர்க்யூட், கட்டை அளவுக்கு மீறித் தீர்ந்துபோகாமல் காப்பாற்றுவதற்காக, வோல்ட் இறங்கியதும் மின்சாரத்தை வெட்டிவிடும். பழைய கட்டைகள் மஞ்சளாகி, மங்கி, சாகப்போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாகும். இது சொல்லாது. ஈஜோக் பக்கத்தில் வாய்க்கால் பாலத்தில் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனருக்குத் திடீரென்று விளக்கு அணைந்து எல்லாம் இருண்டுவிட்டதாம். "அரை மணி நேரம் அசையலே மாப்ள" என்றார். சார்ஜ் குறைந்ததை முன்கூட்டியே காட்டும் விளக்கை வாங்குங்கள். இரண்டாவது கட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே அல்ல, பிளாஸ்டிக் டப்பாவில். சட்டைப்பையில் சில்லறைக் காசோடும் சாவியோடும் கிடந்தால் இரு முனையும் சேர்ந்து கட்டை கொதித்துவிடும். தோல் கிழிந்த கட்டை, உப்பிய கட்டை, காருக்குள் நாள் முழுக்க வெயிலில் வெந்த கட்டை மூன்றையும் நான் சார்ஜ் போடமாட்டேன்.

அம்மாவுக்கு என்ன செய்தேன் என்றால், இரண்டு பென்சில் கட்டை போடும் டார்ச்சும், நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைட் சார்ஜ் கட்டை நாலும். அலமாரியில் கிடந்தாலும் சார்ஜ் மெதுவாய் இறங்குகிற ரகம். சான்யோ 2005-இல் எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்ததற்குப் பிறகு இது பல கம்பெனிகளிலும் கிடைக்கிறது. பழைய சார்ஜ் கட்டைகள் சும்மா கிடந்தே சில மாதங்களில் வெறுமையாகும். நம் ஆட்கள் சார்ஜ் கட்டையே உதவாது என்று சொல்வது அந்தக் காலத்துக் கசப்பு. வோல்ட் 1.2 என்று குறைவாகப் போட்டிருக்கும், அதைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். சார்ஜ் போடும் பெட்டி ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாகப் பார்த்து நிறுத்துகிறதா என்று மட்டும் கேளுங்கள். சார்ஜ் தீர்ந்தால், அவசரத்துக்குக் கடையில் ஒரு ஜோடி அல்கலைன் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அம்மாவுக்கு இந்த ஒரு வசதி போதும்.

ஒரே ஒரு விதி, ஜோடி பிரியக்கூடாது. நான் மார்க்கரில் இரண்டில் பொட்டும், இரண்டில் கோடும் போட்டுக் கொடுத்தேன். புதிதும் பழையதும் கலந்தால், பலவீனமானது முதலில் தீர்ந்து, மற்றது அதைத் தலைகீழாக ஓட்டும், கசியும். சும்மா கிடந்தாலும் கசியும்: கரண்டு போனால் உதவும் என்று சாமி மேடைக்கு அடியில் ஒதுக்கிவைத்திருந்த மூன்று கட்டை டார்ச்சைத் திறந்தேன். துத்தநாகக் கூடு அரித்து, உள்ளே மூன்றும் ஒன்றாகக் கருத்து ஒட்டிப்போயிருந்தது. அவசர விளக்குக்குச் சாதாரணக் கட்டையை உள்ளே போட்டு மறந்துவிடாதீர்கள். சார்ஜ் செய்யமுடியாத லித்தியம் பென்சில் கட்டை விலை கூடுதல், ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் தாங்கும், கசிவது மிக அரிது.

வெளிச்சம் கூடினால்தான் நல்லது என்ற எண்ணத்தையும் விட்டுவிட்டேன். கம்போங் குவாந்தான் படகுத்துறைக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போனபோது என் டார்ச்சின் முழு வெளிச்சத்தையும் பெரெம்பாங் மரத்தின்மேல் அடித்தேன். மின்மினிகளைப் பார்க்கத்தான்! ஒளிச் சலனமெல்லாம் அடங்கிவிட்டது. துடுப்புப் போடும் மலாய்க்காரப் பெரியவர் "அதை அணைங்க" என்று கையால் சொன்னார். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் வேண்டும், நான் படகில் உள்ள எல்லாருக்கும் அதைக் கெடுத்துவிட்டிருந்தேன். மிகக் குறைந்த வெளிச்சமும் வைக்கக்கூடிய விளக்காக வாங்குங்கள். நடைபாதைக்கு அதுவே போதும், கட்டையும் பல நாள் ஓடும்.

தீர்ந்துபோன லித்தியத்தை அம்மா குப்பைக் குழியில் போட்டு எரிக்கப் பார்த்தார். ஓடிப்போய்த் தடுத்தேன். முனைகளில் டேப் ஒட்டி, காலி மைலோ டின்னில் போட்டு என் காரில் வைத்துக்கொண்டேன். டின்னை மூடும்போது அம்மா எட்டிப் பார்த்து, "அந்த மிளகாயும் நல்லாக் காய்ஞ்சிருச்சு, கொண்டுபோறியா?" என்றார்.