நகைப்பெட்டிக்கு உட்துணி தெரிந்தெடுத்தல்

தேக்கு, பலா முதலிய மரங்களால் கையினால் செய்யப்படும் நகைப்பெட்டி எவ்வளவு அழகாயிருப்பினும், அதனுள் வைத்த வெள்ளிக் கொலுசு சில மாதங்களில் கறுத்துப்போமாயின், வாங்கியவர் தச்சரையும் விற்ற சங்கத்தையுமே குறை கூறுவர். பல சமயங்களில் இதற்குக் காரணம் உள்ளே ஒட்டிய துணியேயாம்.

கம்பளியில் இயற்கையாகவே கந்தகம் உண்டு. அதிலிருந்து வெளிவரும் ஆவி வெள்ளியின் மேற்பரப்பைக் கறுக்கச் செய்கிறது. கந்தகம் சேர்ந்த ரப்பர்ப் பசையும் இத்தீங்கையே விளைவிக்கும். பொன்னுக்கு இப்பயம் மிகக் குறைவு.

ஆதலால் வெள்ளி வைக்கும் பெட்டிக்குப் பருத்தித் துணியோ, பருத்தி நூலால் நெய்த வெல்வெட்டோ தக்கது. பருத்தித் துணியை முன்னரே துவைத்துக் கஞ்சியைப் போக்கி உலர்த்துதல் வேண்டும். வர்ணத் துணியாயின், நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டுமாயின் விலக்குக.

சந்தேகமான துணியைச் சோதிக்கும் வகை வருமாறு: மெருகிட்ட வெள்ளித் தகட்டையும் துணித்துண்டையும் ஒன்றோடொன்று படாமல் கண்ணாடிப் புட்டியிலிட்டு, சில துளி நீரைத் தனிக் குப்பியில் உள்ளே வைத்து மூடி, வெதுவெதுப்பான இடத்தில் 4 வாரம் வைக்க. துணியில்லாத மற்றொரு புட்டியையும் இவ்வாறே வைக்க. துணியுள்ள புட்டியின் தகடு மட்டும் கறுத்தால் அத்துணி ஆகாது. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-ல் வெளியிட்ட சோதனையின் எளிய வடிவம் இது.

மாவுப் பசை பூச்சிகளை வரவழைக்கும். ஆதலால், இவ்வாறே சோதித்த அட்டையின்மேல் சிறிது இலவம்பஞ்சு பரப்பி, துணியைப் போர்த்திப் பின்புறம் தைத்து, பசையின்றிப் பெட்டியுள் இறுகப் பொருத்துதல் நலம். நாளடைவில் துணி நைந்தால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பெட்டி பழுதுபடாது.