கறுப்புப் பெட்டி: ஒரே பெயர், எதிரெதிர்ப் பொருள்

விமானம் ஒன்று விழுந்துவிட்டால், உயிர் பிழைத்தவர் உண்டா என்ற கேள்விக்கு அடுத்தபடியாக எல்லோரும் கேட்பது, “பிளாக் பாக்ஸ் கிடைத்ததா?” என்றுதான். அது கறுப்பாக இருக்கும், எதனாலும் அழியாது, திறந்தால் காரணம் தெரிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை.

நிறத்தை முதலில் முடித்துவிடலாம். அது பளிச்சென்ற ஆரஞ்சு. சிதைவுகளுக்கு நடுவே கண்ணில் பட வேண்டுமே! பெரும்பாலான பயணிகள் விமானங்களில் அது ஒரு பெட்டியும் அல்ல, இரண்டு. வேகம், உயரம், இன்ஜின் நிலை போன்றவற்றைப் பதிவு செய்வது ஒன்று. விமானிகளின் பேச்சையும் விமானி அறையில் கேட்கும் ஒலிகளையும் பதிவு செய்வது மற்றொன்று. துறையில் இருப்பவர்கள் எஃப்.டி.ஆர்., சி.வி.ஆர். என்றே சொல்வார்கள்.

அழியாது என்ற நம்பிக்கைக்கு அகமதாபாத் விபத்து பதில் சொல்லிவிட்டது. 2025 ஜூன் 12 அன்று விழுந்த ஏர் இந்தியா போயிங் 787 விமானத்தில், இரு வேலையையும் சேர்த்துச் செய்யும் கருவிகள் முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இருந்தன. பின்பக்கக் கருவி மறுநாளே ஒரு கட்டடத்தின் கூரையில் கிடைத்தது. ஆனால் வழக்கமான முறையில் எதையும் எடுக்க முடியாத அளவுக்குச் சேதமாகியிருந்தது. ஜூன் 16 அன்று கிடைத்த முன்பக்கக் கருவிதான் சுமார் 49 மணி நேரத் தரவையும் 2 மணி நேர ஒலிப்பதிவையும் தந்தது. 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை 1 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது இக்கருவிகளுக்கான சோதனை விதி. அந்த எல்லையைத் தாண்டினால் அவையும் கருகும்.

கருவி முழுதாகக் கிடைத்தாலும் பதிவு இருக்கும் என்பது நிச்சயமல்ல. 2024 டிசம்பர் 29 அன்று தென் கொரியாவின் முவானில் ஜேஜு ஏர் விமானம் ஓடுபாதையைத் தாண்டி மோதி 179 பேர் இறந்தார்கள். அதன் இரு கருவிகளிலும் கடைசி 4 நிமிடங்கள் பதிவாகவே இல்லை. உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்குத் தேவைப்பட்டதோ அந்த 4 நிமிடங்கள்தான்.

விழுந்த இடத்திலிருந்து அது தானாகவே சமிக்ஞை அனுப்பும் என்பதும் பாதி உண்மை. கருவியோடு இணைந்த ஒலி பரப்பி தண்ணீரில் மூழ்கினால்தான் வேலை செய்யும். முன்பு 30 நாள், புதியவற்றில் 90 நாள். அதன்பின் பேட்டரி தீர்ந்துவிடும். 1985இல் அயர்லாந்துக்கு அப்பால் தகர்க்கப்பட்ட ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தின் கருவிகள் சுமார் 2 கி.மீ. ஆழத்திலிருந்து சில வாரங்களிலேயே மேலே வந்தன. 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தின் கருவிகளைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஆயின. ஆனாலும் பதிவு அப்படியே இருந்தது. மலேசியாவின் எம்.எச். 370 விமானத்தின் கருவிகள் 2014இல் தொலைந்தவைதான்.

சரி, கறுப்பு என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்களில் இருந்த ரகசிய மின்னணுக் கருவிகளைச் சுட்டிய பேச்சு வழக்கு அது என்பார்கள். பிரான்ஸில் செய்யப்பட்ட ஆரம்பகாலக் கருவி ஃபிலிமில் பதிவு செய்ததால், உட்புறம் இருட்டாக இருக்க வேண்டியிருந்தது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. பேச்சையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று 1954இல் எழுதிய மெல்போர்ன் விஞ்ஞானி டேவிட் வாரன், தன் மாதிரிக் கருவிக்கு அந்தப் பெயரை வைக்கவில்லை. அவருடைய தந்தை 1934இல் ஒரு விமானம் காணாமல் போனதில் இறந்தவர். மகன் செய்த கருவி மெல்லிய எஃகுக் கம்பியில் 4 மணி நேரப் பேச்சைப் பிடித்து வைத்தது. முதலில் உள்ளூரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960இல் குயின்ஸ்லாந்தின் மெக்காய் அருகே ஒரு விமானம் கடலில் விழுந்த பிறகுதான் ஆஸ்திரேலியா பேச்சுப் பதிவைக் கட்டாயமாக்கியது.

விமானத்தை விட்டு வெளியே வந்தால் இந்தச் சொல் தலைகீழாகிவிடுகிறது. உள்ளே போவது தெரியும், வெளியே வருவது தெரியும், நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. பொறியியலில் கறுப்புப் பெட்டி என்றால் அதுதான். 1956இல் வெளியான ராஸ் ஆஷ்பியின் சைபர்னெட்டிக்ஸ் நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. மென்பொருள் நிறுவனங்களில் ‘பிளாக் பாக்ஸ் டெஸ்டிங்’ செய்பவர்கள் உள்ளே இருக்கும் நிரலைப் பார்ப்பதில்லை. பயனர் செய்வதைச் செய்து, விடை சரியா என்று மட்டும் பார்க்கிறார்கள். நாடகக்காரர்களுக்கோ இருக்கைகளை இஷ்டம்போல் மாற்றிப் போடக்கூடிய, கறுப்புச் சுவர் கொண்ட எளிய அரங்கின் பெயர் இது.

செயற்கை நுண்ணறிவைக் கறுப்புப் பெட்டி என்று சொல்லும்போது குழப்பம் கூடுகிறது. விமானச் செய்திகளில் பழகியவர்கள், எங்கோ ஒரு பதிவு இருக்கிறது, நிறுவனம் அதை ஒளித்து வைத்திருக்கிறது என்று நினைக்கக்கூடும். ஒளிப்பதும் நடக்கிறதுதான், ஆனால் அது வேறு பிரச்சினை. எல்லாவற்றையும் திறந்து காட்டினாலும் கண்ணில் படுவது கோடிக்கணக்கான எண்கள். இந்தக் கேள்விக்கு ஏன் இந்தப் பதில் வந்தது என்பதை அவற்றைப் பார்த்து நேரடியாகப் படித்துவிட முடியாது.

உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புடையது, மருந்தோடு வரும் தகவல் தாளில் இந்தச் சொல்லுக்கு உள்ள பொருள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தீவிரமான ஆபத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடச் சொல்கிறது. அதைத் தடை என்று புரிந்துகொள்வது தவறு; அனுமதி பெற்று விற்பனையில் இருக்கும் மருந்துக்கு அந்த அமைப்பு தரும் மிகக் கடுமையான எச்சரிக்கை அது. இங்கே சகஜமாக எழுதித் தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு, தசைநாண் கிழியும் ஆபத்துக்காக 2008இல் அந்தக் கட்டம் வந்தது. மனச்சோர்வு மருந்துகளுக்கு 2004இல், சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதற்காக வந்தது. சிகிச்சையின் தொடக்க வாரங்களில் அவர்களை அருகிலிருந்து கவனியுங்கள் என்பதே அந்தக் கட்டம் குடும்பத்தாரிடம் கேட்பது. அதைக் கண்டு பயந்து மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை போன்ற தொல்லைகளும் வரலாம், பழைய நோயும் திரும்பலாம்.