கொடுத்த நாளும் கொள்ளும் நாளும்

அட்சய திருதியை நெருங்குவதை இக்காலத்தில் நமக்கு அறிவிப்பது பஞ்சாங்கம் அன்று. செய்தித்தாளின் முதற்பக்கத்தை முழுவதும் மூடிவரும் நகைக்கடை விளம்பரமே. இன்று வாங்கும் பொன் என்றும் பெருகும் என்னும் செய்தி தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் இடையறாது ஒலிக்கிறது. விளம்பரம் நம் இல்லறத்தினுள் எவ்வாறு நுழைகிறது, அதில் அறம் எங்கே வழுவுகிறது என்பதை இந்நாளையே பாடமாகக் கொண்டு ஆராய்வோம்.

அந்நாளின் வரலாறு

நம் புராணங்கள் கூறும் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். விருஷப தேவர் துறவு பூண்டு, ஆறு திங்கள் யோகத்தில் நின்றபின் ஆகாரத்தின் பொருட்டு எழுந்தருளினார். முனிவர்க்கு உணவளிக்கும் முறையை அக்கால மக்கள் அறியார். அன்பு மிகுதியால் மணிகளையும் அணிகலன்களையும் ஊர்திகளையும் கொணர்ந்து முன்வைத்தனர். பகவான் அவற்றை ஏலாது அகன்றார். அத்தினாபுரத்தில் சோமப்பிரப மன்னனின் இளவல் சிரேயாம்சன், முற்பிறவி நினைவால் முறையுணர்ந்து கருப்பஞ்சாறு அளித்தான். அதுவே ஏற்கப்பெற்றது. தானநெறி தோன்றிய நாள் அது. அணிகலன் விலக்கப்பெற்றுக் கருப்பஞ்சாறு ஏற்கப்பெற்ற வரலாற்றின் நினைவுநாள், இன்று அணிகலன் வாங்கும் நாளாகிவிட்டது.

என் பிழை

பிறரைக் குறைகூறுமுன் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, தந்தையை இழந்த மாணவி ஒருத்தியின் கல்லூரி விடுதிக் கட்டணத்திற்கு உதவி வந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் அட்சய திருதியையன்று, ‘இன்று மட்டும்’ என்ற விளம்பரத்தைக் கண்டேன். மருமகள் தயங்கினாள், நானே அவளை அழைத்துச் சென்றேன். வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, அந்த ஒதுக்கிய பணத்தில் ஒரு கிராம் நாணயம் வாங்கி வந்தோம்.

அடுத்த மாதம் அம்மாணவி வாயிலில் வந்து நின்றபோது என் கையில் பணமில்லை. நாணயத்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்றால், வரியும் செய்கூலியும் போக எஞ்சியதே கிடைக்கும் என்றனர். பக்கத்து வீட்டில் கடன் பெற்றே கட்டணத்தைச் செலுத்தினேன். கடைக்காரர் எடையில் குறைக்கவில்லை, மாற்றிலும் குறையில்லை. குறைந்தது என் தானமே.

விளம்பரம் செயற்படும் வழி

கணக்கு அறிந்தவளும் மயங்கியது எவ்வாறு? முதலில், மங்கலமான ஒரு நாளோடு பொருளைப் பிணைக்கின்றனர். அடுத்து, வாங்காவிடில் வளம் நீங்குமோ என்னும் அச்சத்தை எழுப்புகின்றனர். மூன்றாவதாக, சிந்திக்கும் அவகாசத்தைப் பறிக்கின்றனர். இறுதியில், விலையின் ஒரு பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் காட்டுகின்றனர். ‘செய்கூலி இல்லை’ என்னும் அறிவிப்பை எண்ணிப் பாருங்கள். நகை செய்த தொழிலாளி கூலியின்றி உழைத்திருப்பாரா? அக்கூலி விலையினுள் வேறெங்கோ அடங்கியிருத்தல் வேண்டும்.

சட்டமும் விரதமும்

அரசு வாளா இருக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியச் செய்தியை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரம் என்கிறது. முதன்முறை 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையிலும் தண்டத் தொகை விதிக்கலாம். இணைய வணிகத்தில் பொய்யான அவசரம் காட்டுவதை 2023ஆம் ஆண்டின் நெறிமுறைகள் தடுக்கின்றன. தங்க நகைக்கு முத்திரை 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 22 காரட் நகையில் 916 என்ற எண்ணும் ஆறு எழுத்தெண் கொண்ட அடையாளக் குறியும் உள்ளனவா என்று பார்த்தே வாங்குதல் வேண்டும்.

எனினும் முத்திரை பொன்னின் தூய்மையையே காக்கும். வாங்குவோர் மனத்தின் தூய்மையைக் காவாது. அதற்கு அணுவிரதங்களே துணை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் கள்ள அளவைகளையும், போலிப் பொருளை நல்லதென விற்றலையும் வைத்துள்ளது. வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் முதலாவது பொய்யுபதேசம். நம்மில் வணிகம் செய்வோர் இவற்றைத் தராசின் அருகே எழுதிவைத்துக் கொள்ளலாம். தம் பொருளின் குணத்தையும் குறையையும் உள்ளவாறு கூறுதல் குற்றமன்று. அது வாங்குவோர்க்குச் செய்யும் உதவி. வாங்குவோர்க்கு உரியது மிகுபொருள் விரும்பாமை. எவ்வளவு போதும் என்று முன்னரே வரையறுத்தவரிடம் ‘இன்று மட்டும்’ என்ற சொல் செல்லாது.

இல்லத்தில் பயில

1. ஒரு விளம்பரத்தைப் பிள்ளைகளுடன் அமர்ந்து படியுங்கள். அது கூறுவது எது, கூறாது விடுவது எது என எழுதச் செய்யுங்கள்.

2. விளம்பரம் கண்டு எழுந்த விருப்பத்தை ஏழு நாள் தள்ளிவையுங்கள். எட்டாம் நாளும் தேவை இருந்தால் வாங்குங்கள்.

3. வரும் அட்சய திருதியையன்று வாங்குமுன் கொடுங்கள்.

இப்பொழுது எங்கள் இல்லத்தில் அந்நாளன்று கருப்பஞ்சாறு பிழிந்து தெருப் பிள்ளைகளுக்கு வழங்குகிறோம். விடுதிக் கட்டணத்திற்கான உறையும் அன்று காலையிலேயே அம்மாணவியின் இல்லம் சென்றுவிடுகிறது. அந்த ஒரு கிராம் நாணயம் இன்னும் பெட்டியில் கிடக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு இப்பாடம் சொல்லும்போது மட்டும் அதனை வெளியே எடுக்கிறேன்.